பாவோ பிரபுவுக்குக் கிடைத்த மன்னிப்பு

பிராங்கு நாட்டுப் பிரபு ஒருவருக்கு மேலங்கி தைக்கவென்று லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் கடை கடையாக ஏறி இறங்கின ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். "எந்தச் சாமிக்கு அக்கா?" என்று சேலைக்கடைக்காரர் கேட்டார். சாமிக்கு இல்லை, ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முந்தி பெல்ஜியம் பக்கம் இருந்த ஒரு பணக்காரனுக்கு என்று சொன்னேன். மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிவப்பு வெல்வெட்டை இழுத்துப் போட்டார்.

அந்த அங்கியைப் போட்டவர் என் அக்கா துசியந்தியின் புருசன் யாக்கோப்பு. நான் சொல்ல வந்தது அவருடைய கதையை. ஆனால் பிரபுவின் கதையைச் சொல்லாமல் அத்தானின் கதையைச் சொன்னால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

எங்கள் சனம் வருசா வருசம் பஸ் பிடித்து ஜேர்மனியில் கெவலார் மாதாவிடம் போகும். ஒரு வருசம் திரும்பி வரும் வழியில் பெல்ஜியத்தில் கென்ற் என்ற ஊரில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மற்றவர்கள் சொக்கிளேற் வாங்க ஓட, கிறிஸ்துநாயகம் அண்ணாவியார் மட்டும் அங்கேயிருந்த பெரிய கோயிலுக்குள் நுழைந்துவிட்டார். அண்ணாவியார் என்றால் கூத்தை எழுதி, ஆட்களுக்குப் பழக்கி, மேடையோரம் மத்தளத்தோடு நின்று நடத்துகிறவர். எங்கள் பங்கில் திருவிழாவுக்குக் கூத்துப் போடாமல் விட்டால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அந்தக் கோயில் பாவோ என்ற புனிதரின் பேரில் கட்டினது. அங்கே நின்ற ஒருவர் அவருடைய சரித்திரத்தைச் சொல்ல, இவர் பஸ்ஸுக்குத் திரும்பும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். அடுத்த தவக்காலத்துக்குள் கூத்து எழுதி முடித்தாயிற்று.

சரித்திரம் இதுதான். பாவோ பிராங்குக் குலத்துப் பெரிய நிலக்காரன். குடி, வேட்டை, கண்டபடி ஆட்டம். தன் நிலத்தில் வேலை செய்தவர்களை மாட்டைப்போல நடத்தினான். ஒருவனைப் பிடித்து அடிமையாக விற்றும்விட்டான். பெண்சாதி செத்தபோதுதான் புத்தி வந்தது. இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் துறவியானான். பிறகு ஒரு நாள், தான் விற்ற அதே மனிதனைத் தெருவில் கண்டான். அவன் காலடியில் விழுந்து, "என்னைச் சங்கிலியில் கட்டிச் சிறைக்கு இழுத்துக்கொண்டு போ" என்று கேட்டான். அவனும் இழுத்துப் போனான். கடைசியில் பாவோ காட்டில் ஒரு மரப்பொந்துக்குள் இருந்து ஜெபித்தே செத்தானாம். அந்த மனிதன் அவனை மன்னித்தானோ இல்லையோ என்று கோயிலில் நின்றவர் சொல்லவில்லை. சனம் வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கக்கூடாது என்று அண்ணாவியார் தானாகவே ஒரு மன்னிப்புப் பாட்டை எழுதிச் சேர்த்தார்.

ஆட்களைத் தெரிவு செய்யிற அன்று அத்தான் எழும்பி, "பிரபு நான் செய்யிறன்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஏனென்றால் யாக்கோப்பு ஒரு நாளும் மேடை ஏறினவர் இல்லை. மண்டபத்துக்குக் காசு கட்டுவார், சாப்பாடு எடுப்பிப்பார், முன் வரிசை வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அவ்வளவுதான். "விற்கப்பட்ட ஆளுக்கு மேர்வினைப் போடுங்கோ. பெடியனுக்குக் குரல் இருக்கு" என்றும் சொன்னார். மேர்வின் ஒரு காலத்தில் அவருடைய கடையில் வேலை செய்தவன். அண்ணாவியாருக்குப் பிரபுவும் கிடைத்து அடிமையும் கிடைத்த சந்தோசம். எனக்குத்தான் உள்ளுக்குள் ஏதோ இடித்தது.

இனி அத்தானைப் பற்றி. மன்னார் வங்காலையில் மீன்பிடிக் குடும்பம். எண்பத்தொன்பதில் பெண்சாதியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் வருசக்கணக்காக இரவு ஷிப்ட். அக்காவும் பிள்ளையும் வந்த பிறகு, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மூலைக்கடை எடுத்தார். கடைக்கு மேலே இரண்டு அறை. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கினவன் எவனும் முதலில் அந்த அறையில்தான் படுத்தான், அவர் வீட்டுச் சோற்றைத்தான் தின்றான். யாரும் செத்தால் பிரேதப்பெட்டி பார்க்கப் போகிறவரும் அவர்தான், குழியடியில் கடைசியாக நின்று எல்லோரையும் காரில் ஏற்றி விடுகிறவரும் அவர்தான். நல்ல மனுசன் என்று எழுதினால் அது பொய்யில்லை. அதுதான் எனக்கு இப்பவும் எரிச்சல்.

ஒரு குணம் மட்டும் அவரிடம் மாறவே இல்லை. தன்னைப் பற்றி எவனும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. சட்டை கசங்கினாலும் தாங்கமாட்டார், பெயர் கசங்கினால் சொல்லவே வேண்டாம். ஒரே பிள்ளை அஞ்சலீனா. அவள் பாமசி படிக்கிறாள் என்பதை வாடிக்கையாளருக்குப் பாலும் பாணும் கொடுக்கும்போதுகூடச் சொல்லுவார்.

அந்த நாட்களில்தான் மேர்வின் வந்தான். அவனும் மன்னார்தான், சண்டை முடியிற காலத்தில் தப்பி வந்தவன். அகதி வழக்கு மறுக்கப்பட்டு, வேறொரு மனுப் போட்டுவிட்டு இருந்தான். விசா இல்லாதவன் என்பதால் அத்தான் அவனை மேல் அறையில் வைக்காமல், சாமான் அறைக்குப் பின்னால் ஏணி வைத்து ஏறுகிற பரணில் படுக்க விட்டார். அப்படி ஒரு பரண் இருப்பது வீட்டில் அக்காவுக்கே தெரியாது. அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அஞ்சலீனா. பிறகென்ன, சோறு கொடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது, பிறகு ஒரு மணித்தியாலம் பிடித்தது. கண் உள்ள எவருக்கும் தெரிந்தது. "கடையில மூட்டை தூக்கிறவனுக்கோ நான் பிள்ளையைப் படிப்பிச்சனான்?" என்று அத்தான் ஒரு நாள் அக்காவிடம் கேட்டாராம். அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இமிகிரேசன்காரர் கடைக்கு வந்து மேர்வினைக் கொண்டு போனார்கள். அடைத்து வைத்தார்கள், சில கிழமையில் பிளேன் ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கின இடத்திலேயே அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் பிறகு கேள்விப்பட்டோம். பக்கத்துக் கடைக்காரன் எரிச்சலில் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று சனம் கதைத்தது. அத்தானும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

அஞ்சலீனா எத்தனை பேரைப் பிடித்து எத்தனை தகவல் அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும். ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. உயிரோடு வெளியில் வந்துவிட்டான், பிரான்சுக்குப் போய்விட்டான் என்று தெரிந்த பிறகும் அவளுக்கு அவன் ஒரு போன் எடுக்கவில்லை. பெட்டை அதோடு கல்லாகிவிட்டாள். ஹவுன்ஸ்லோவில் இருந்து வந்த அருமையான சம்பந்தத்தையும் வேண்டாம் என்றாள். வேலை, வீடு, பூசை. அப்பாவுக்கு நெஞ்சு ஒப்பிரேசன் செய்தபோது பக்கத்தில் இருந்து குளிப்பாட்டினவள் அவள்தான். "அப்பா ஒருத்தர்தான் சித்தி என்னை விட்டிட்டுப் போகாத ஆள்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

பிறகு மேர்வின் லண்டனுக்கே திரும்பி வந்தான். பிரான்ஸ் பாஸ்போட் எடுத்து, ஐரோப்பாக்காரருக்கு இங்கே கதவு சாத்த முன்னம் பெண்சாதி கஜந்தினியோடும் சின்ன மகளோடும் வந்து மிச்சம் என்ற பக்கத்து ஊரில் வீடெடுத்தான். ஞாயிறு பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வந்தான். அஞ்சலீனா கிட்டப் போய், "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே தலையை ஆட்டிவிட்டு அங்கால் போனான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கண்டறியாத மாப்பிள்ளை, இவனுக்காகவோ இவள் இத்தனை வருசம் காய்ந்தாள் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இப்போது கூத்துக்கு வருகிறேன். விற்கப்பட்ட மனிதன் மேல் சட்டை இல்லாமல் வரவேண்டும் என்று அண்ணாவியார் சொல்லியிருந்தார். அளவெடுக்கப் போனபோது மேர்வின், "அன்ரி, முதுகு மூடுறமாதிரி ஏதாவது தைச்சுத் தருவீங்களோ?" என்று கேட்டான். ஏன் என்று கேட்டதற்கு ரீசேட்டைத் தூக்கித் திரும்பி நின்றான். நான் அந்த முதுகைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். ஒரு சாக்குத்துணிச் சட்டை, கழுத்து வரைக்கும் ஏற்றித் தைத்துக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தானுக்கு அங்கி போட்டுப் பார்த்தேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர் மெல்லக் கேட்டார்.

"றூபினி, அவன்ர முதுகைப் பார்த்தனியோ?"

"பார்த்தன்."

"எப்பிடி இருக்கு?"

"உங்களுக்கு ஏன் அது?"

அவர் கையை இறக்கவில்லை. "அந்தப் போன் நான்தான் எடுத்தனான்" என்றார்.

எந்தப் போன் என்று நான் கேட்கவில்லை. வாயில் குத்தூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன், இல்லாவிட்டால் விழுங்கியிருப்பேன்.

அவர் தானாகவே சொல்லிக்கொண்டு போனார். இமிகிரேசன்காரருக்குத் தகவல் கொடுக்க, பேர் சொல்லத் தேவையில்லாத நம்பராம். விலாசத்தையும் ஏணி எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னாராம். வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடுவார்கள், பிள்ளை மறந்துவிடுவாள் என்று நினைத்தாராம். "நாட்டுக்கு அனுப்புவாங்கள் எண்டு நினைக்கேல்லை" என்றார். அந்த வருசம் அனுப்பப்பட்டவர்களுக்கு என்ன நடக்கிறது என்று எங்கள் தெருவில் பால் வாங்க வருகிற கிழவிக்கும் தெரியும். இவருக்குத் தெரியாதாம்.

நெஞ்சு ஒப்பிரேசனுக்குப் பிறகு அவருக்குச் சாவுப்பயம் பிடித்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறார். சுவாமி, "உயிரோட இருக்கிற ஆளிட்டை நேரில போய் மன்னிப்புக் கேள். அதுதான் உனக்குப் பிராயச்சித்தம்" என்று சொல்லிவிட்டாராம்.

"அப்ப போய்க் கேளுங்கோ. மிச்சம் என்ன சந்திர மண்டலத்திலயோ இருக்கு? பஸ் போகுது, ட்ராம் போகுது."

"கேக்கத்தானே போறன். சனத்துக்கு முன்னால, முழங்காலில நிண்டு கேக்கப்போறன்."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. மனுசன் மேடையில் பிரபுவாக நின்று கேட்கப் போகிறார். மேர்வின் அடிமையாக நின்று அந்த மன்னிப்புப் பாட்டைப் படிப்பான். கோயில் கூத்து, நேர்த்தி வைத்து ஆடுகிற கூத்து, மாதா சொரூபத்துக்கு முன்னால் படிக்கிற பாட்டு. அது கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. சுவாமி சொன்னதும் செய்தாயிற்று, வீட்டில் ஒருவருக்கும் தெரியவும் வராது.

"அத்தான், அது பாவோ பிரபு கேக்கிறது."

"வாய் என்ர வாய்தானே."

"அவனுக்கு என்னத்துக்கு மன்னிக்கிறன் எண்டே தெரியாதே."

"கடவுளுக்குத் தெரியும்."

"உங்களுக்கு விசரே?" என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேரில போய்ச் சொன்னால் அவன் பிள்ளையிட்டைச் சொல்லுவான், றூபினி. அவள் என்னை விட்டிட்டுப் போயிடுவாள். நான் மன்னிப்பும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் சாகவோ?" அழுதார். எனக்கு இரக்கமும் வந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அங்கியின் விளிம்பை மடித்துத் தைத்தேன். கூத்து முடிந்ததும் நேரில் கேட்க வைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது.

ஒத்திகைகள் கோயில் மண்டபத்தில் நடந்தன. அத்தானுக்குத் தாளம் வராது, ஆட்டமும் வராது. வாளைப் பிடித்தாலும் கடையில் பால் பெட்டி தூக்குகிற மாதிரி நிற்பார். ஆனால் சங்கிலிக் காட்சி வந்தால் மட்டும் மனுசன் மாறிவிடுவார். மேர்வினின் காலடியில் விழுந்து, குரல் உடைந்து, மூக்கால் தண்ணீர் ஓட ஓட அழுவார். ஒவ்வொரு ஒத்திகையிலும் அழுதார். "இதுதான் நடிப்பு, பாருங்கோடா" என்று அண்ணாவியார் மற்றவர்களுக்குக் காட்டினார். மேர்வின் மட்டும் குனிந்து அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முதல் நாள் வியப்போடு பார்த்தான். பிறகு பிறகு வேறு மாதிரிப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

அண்ணாவியாரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அரங்கேற்றத்தன்று ஆடுகிறவர்கள் எல்லோரையும் சொரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, "ஆருக்கும் ஆரோடையும் மனத்தாங்கல் இருந்தால் இப்பவே கதைச்சுத் தீருங்கோ. தீர்க்காமல் ஒருத்தனும் மேடையில கால் வைக்கப்படாது" என்று சொல்லுவார். அன்றும் சொன்னார். ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். அத்தான் மேர்வினைப் பார்த்தார். மேர்வினும் அத்தானைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான், ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி. அத்தான் குனிந்து காலில் கட்டின சலங்கையைச் சரி செய்தார். அதற்குள் மத்தளம் தொடங்கிவிட்டது.

மண்டபம் நிறைந்த சனம். முன் வாங்கில் அக்காவும் அஞ்சலீனாவும். பிரபு வேட்டைக்குப் போனார், குடித்தார், மனிதனை விற்றார், பெண்சாதியைப் புதைத்தார். சனம் மாலை போட்டது, போன் பிடித்தது. கடைசியில் சங்கிலிக் காட்சி. அத்தான் சிவப்பு அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்காலில் விழுந்தார். "உன்னை விற்றேனே, உன் உயிரை விற்றேனே" என்று படித்தபோது மண்டபத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. மேர்வின் சங்கிலியை அவர் கழுத்தில் போட்டான். மேடையைச் சுற்றி இழுத்துக்கொண்டு நடந்தான். ஒத்திகையில் ஒரு சுற்று. அன்று இரண்டு சுற்று, மூன்று சுற்று நடந்தான். அத்தானுக்கு மூச்சு வாங்கியது. அண்ணாவியார் மத்தளத்தை விடாமல் அடித்துக்கொண்டே மேர்வினுக்குக் கண்ணைக் காட்டினார். அப்போதுதான் அவன் நின்றான். நின்று, நல்ல திறந்த குரலில் அந்தப் பாட்டை எடுத்தான்.

எழுந்திரும் பிரபுவே எழுந்திரும் – என்
இருவிழி நீரினி ஓய்ந்தது
விழுந்த பழியினை மறந்தனன் – உமை
மேலவன் பேரால் மன்னித்தேன்

சனம் விம்மியது. அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அத்தான் கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து, அந்தப் பாட்டை வாங்கிக்கொண்டார். நற்கருணை வாங்குகிற முகம் அப்படித்தான் இருக்கும். பாவி மனுசனுக்கு அது உண்மையாகவே கிடைத்துவிட்டதோ என்று ஒரு கணம் நானும் நினைத்தேன்.

கூத்து முடிந்து, மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றுகிற சின்ன அறையில் நானும் அத்தானும் மட்டும். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் இடுப்புப் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மேர்வின் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். சாக்குச் சட்டையைக் கழற்றவில்லை.

"அங்கிள், இப்ப நான் படிச்சது பாவோ பிரபுவுக்கு. உங்களுக்கு இல்லை."

அத்தானுடைய கை அப்படியே நின்றது.

"அண்டைக்கு வந்தவங்கள் கடையில ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்லை. நேரா ஏணியடிக்குத்தான் வந்தவங்கள். அந்த ஏணி ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்டு நீங்கள். என்னை வைச்சு, சோறு போட்டு, அப்பு மாதிரிப் பார்த்தனீங்கள், உங்களை நான் நினைக்கேல்லை." குரல் உயரவில்லை. "மற்றது அஞ்சலீனா. தகப்பனுக்குப் பயந்து, விசா இல்லாதவனைத் தலை முழுகத்தான் அவள் சொல்லிக்குடுத்திட்டாள் எண்டு நினைச்சன். அங்கை அடி விழேக்கை எல்லாம் அவளைத்தான் நினைச்சு ஏசினனான். அவள் அனுப்பின ஒண்டுக்கும் பதில் போடேல்லை. நீங்கள் இந்த ஒத்திகையில அழத் தொடங்கின பிறகுதான் எனக்கு விளங்கினது, அவள் இல்லை எண்டு."

நான் அவிழ்த்த பட்டியோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

"அண்ணாவியார் கேட்ட நேரம் சொல்லுவீங்கள் எண்டு பார்த்தன். சொல்லேல்லை. இப்பவும் நிக்கிறன். கேக்கிறதெண்டால் கேளுங்கோ."

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மன்னிக்க வந்தானோ, மாட்டேன் என்று சொல்ல வந்தானோ, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டால் பதில் சொல்லுவான் என்று அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கேளுங்கோ அத்தான், கேளுங்கோ என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். மேடையில் அத்தனை சனத்துக்கு முன்னால் உருண்டு அழுத மனுசனுக்கு, இந்த நாலு சுவருக்குள் ஒரு சொல் வரவில்லை.

"களைச்சுப்போனாய் தம்பி. சாப்பிட்டிட்டுப் போ" என்றார்.

கதவு திறந்தது. யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிரபுவும் அடிமையும் சேர்ந்து நில்லுங்கோ, ஒரு படம்" என்றார்கள். அத்தான் உடனே நிமிர்ந்து மேர்வினின் தோளில் கை போட்டார். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் பங்கு ஆட்களின் போன்களில் இருக்கிறது. மேர்வின் அந்தக் கையை எடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போனான். போகும்போது என்னிடம், "அன்ரி, அவளிட்டை நான் சொல்லமாட்டன். அது அவர் செய்யவேண்டிய வேலை" என்றான். பிறகு எங்கள் கோயில் பக்கம் வரவில்லை.

அத்தானோ விடாப்பிடியாக நின்றார். "அவன் படிச்சவன்தானே. சொரூபத்துக்கு முன்னால படிச்சது. செல்லும்" என்றார். "செல்லாது" என்றேன் நான். எத்தனை ஞாயிறு இதையே சண்டை பிடித்திருப்போம். அவருக்கும் நான் சொல்வது விளங்கினது. விளங்கினபடியால்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பனிக்காலத்தில் மறுபடி நெஞ்சு விட்டுக்கொடுத்தது. இந்த முறை ஒப்பிரேசன் ஏலாது என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுவாமி வந்து சாகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போன பின்னேரம், நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சுக் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"றூபினி. அது செல்லும்தானே?"

சாகிற மனுசன். ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய்க்கு அது வரவில்லை.

"செல்லாது அத்தான். நான் இப்ப போன் எடுக்கிறன். அவன் வருவான். ஒரு சொல்லுத்தான். மூச்சு இருக்கேக்கை கேளுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். நான் போனைக் கையில் எடுத்து மேர்வினின் நம்பரையும் தேடிப் பிடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவுக்கு அங்கால் அஞ்சலீனா, அப்பாவுக்குத் துவைத்த சாரமும் சூப்பும் கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவர் அவளைக் கண்டார். முகம் இளகியது.

"பிள்ளை வாறாள்" என்றார். "கதையை விடு."

இரண்டு நாளில் போய்விட்டார். மண்டபம் கொள்ளாத சனம். அண்ணாவியார் கண்ணீரஞ்சலி வாசித்தபோது பாவோ பிரபுவைப் போல வாழ்ந்தவர் என்று சொன்னார். எனக்கு எழும்பி வெளியில் போகவேண்டும் போல இருந்தது. அக்காவுக்காக இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, ஆட்கள் எல்லோரும் போக, குசினியில் வைத்து அஞ்சலீனாவிடம் நானே சொன்னேன். போன், ஏணி, சுவாமி சொன்னது, மேடைக்குப் பின்னால் நடந்தது, எல்லாம். அப்பாவை ஏசுவாள், என்னை ஏசுவாள், கையில் இருக்கிற கோப்பையைப் போட்டு உடைப்பாள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகத்தான் இருந்தேன். அவள் அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"மேர்வின் அது நானெண்டோ நினைச்சவர்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

"அங்கை அவருக்கு அடிக்கேக்கையும்?"

நான் தலையை ஆட்டினேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு, நிலத்திலேயே குந்திவிட்டாள்.